பருந்தின் வீழ்வு: ராயபுரத்து மொட்டை மாடி ஒன்றை முன்வைத்து

பாயிரம்

எவ்வளவு விரிந்த நூலானாலும் பாயிரம் இல்லாவிட்டால் அதை நூலென்று ஒப்புக்கொள்ள நன்னூலார் தயாராக இல்லை. சிறிய நூலுக்கு விலக்கு உண்டா என்று அவர் சொல்லவில்லை. எனவே, பொருள் ஒரு பருந்தும் ஒரு பாய்க் கருவாடும்தான் என்றாலும், இந்த ஆய்வும் முறைப்படி பாயிரத்தோடு தொடங்குகிறது.

சிறப்புப் பாயிரம் பதினொரு செய்தி சொல்ல வேண்டும். ஆக்கியோன், ராயபுரத்தில் ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில் குடியிருப்பவன். வழி, வீட்டுக்காரர் மனமிரங்கிக் கொடுத்த மொட்டை மாடிச் சாவி. எல்லை, வடக்கே கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, தெற்கே யாரும் பார்க்காத டிஷ் ஆன்டெனா, கிழக்கே துறைமுகத்து கிரேன்கள், மேற்கே பக்கத்து மாடி ஆயாவின் துணிக்கொடி. நூற்பெயர் மேலே கண்டது. யாப்பு, விரித்து யாத்தது, சுருக்க வரவில்லை. நுதலிய பொருள், தோட்டத்துக்கு வந்துபோகும் பருந்தைப் படம் பிடித்தல். கேட்போர், என் மனைவி, ஒரே ஒரு முறை. பயன், அறம் பொருள் இன்பம் வீடு என்னும் நான்கில் வீடு மட்டும், அதுவும் வாடகை. காலம், மீன்பிடித் தடைக்காலம். களம், தெருமுனை டீக்கடை. அரங்கேற்றம் அங்கேதான் நடந்தது. காரணம், மச்சான் வெளிநாடு போகும்போது விட்டுச் சென்ற கேமரா.

ஈண்டுத் ‘தோட்டம்’ என்றது என்னை எனின், பாதியாக அறுத்த நீல டிரம் இரண்டும் பெயிண்ட் வாளி ஏழும் என்க. அவற்றுள் கறிவேப்பிலை, துளசி, கற்றாழை, மூன்று வருடமாகப் பூக்க யோசிக்கும் செம்பருத்தி ஆகியன வளரும். மரம் என்று சொல்ல ஒன்று உண்டு. அது தெருவில் வேர்விட்டு எங்கள் கைப்பிடிச் சுவர் வரை எட்டிப் பார்க்கும் முருங்கை. பருந்து இத்தோட்டத்துக்கு வருகிறது என்பது உபசார வழக்கு. அது வருவது முழங்கால் உயரச் சுவருக்கு அப்பால், பக்கத்து மாடியில், ஆயா காயப்போடும் வாளைக் கருவாட்டுக்கு. போகிற வழியில் முருங்கையில் உட்காருகிறது. விமான நிலையத்துக்குப் போகிறவர் நம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி வழி கேட்டால் விருந்தாளி வந்ததாகச் சொல்லிக்கொள்வதில்லையா, அதுபோல.

பெயரியல்

எங்கள் வானத்தில் சுற்றும் பருந்து இரண்டு வகை. ஒன்று கரும்பருந்து, கள்ளப்பருந்து என்றும் பெயர். கரும்பருந்து என்றாலும் நிறம் பழைய தேங்காய் நார்தான். இறக்கையை விரித்தால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். எடை போட்டால் ஒரு கிலோவுக்குள். வால் மீன்வாலைப்போல் பிளந்திருக்கும். மற்றது செம்பருந்து: செங்கல் நிற உடம்பு, வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, நுனி வட்டமான வால். கருடன் என்பதும் கிருஷ்ணப்பருந்து என்பதும் இதையே. வாலைப் பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம் என்று கையேடுகள் தைரியம் சொல்லும். கரும்பருந்து வாலை முழுதாக விரித்தால் பிளவு மறைந்து விசிறியாகிவிடும். இதைக் கையேட்டில் தேடிப் படிப்பதற்குள் பறவை திருவொற்றியூர் போய்விடும்.

செம்பருந்தைக் கண்டால் எங்கள் தெருவில் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கரும்பருந்தைக் கண்டால் கருவாட்டுப் பாயைச் சுருட்டுவார்கள். கோயில் குடமுழுக்கு நாளில் கலசத்துக்கு மேலே கருடன் ஒரு சுற்றாவது சுற்றினால்தான் கூட்டத்துக்கு மனம் நிறையும். அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலித்தாலும் கலைய மாட்டார்கள். அதே கருடன் மறுநாள் காசிமேட்டில் மீன் ஆயும் இடத்தில் குடலுக்காகக் காக்கையோடு மல்லுக்கட்டும். இது முரண் என்பாரும் உளர். அது பொருந்தாது. விசேஷ நாள் வேறு, வேலை நாள் வேறு.

அறிவியற்பெயரில்தான் உண்மையான குழப்பம் நேர்ந்திருக்கிறது. ஊரெல்லாம் செம்பருந்துக்குக் கிருஷ்ணன் பெயரைக் கொடுத்திருக்க, 1832இல் தக்காணத்துப் பறவைகளைப் பட்டியலிட்ட சைக்ஸ் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, கரும்பருந்துக்குப் போய் ‘கோவிந்தா’ என்று பெயர் வைத்துவிட்டார். இந்தியக் கரும்பருந்து இன்றும் மில்வஸ் மைக்ரன்ஸ் கோவிந்தாதான். சைக்ஸ் ஆள் மாறி வைத்தார் என்று நான் முதலில் நினைத்தேன். மாடியில் ஒரு வாரம் நின்ற பிறகு கருத்தை மாற்றிக்கொண்டேன். பாயில் இருந்த மீன் பருந்தின் காலில் ஏறிய கணத்தில் தமிழர் வாயில் வரும் சொல் அதுவேயன்றோ! சைக்ஸ் எங்கோ தன் சாப்பாட்டைப் பறிகொடுத்துவிட்டு, பக்கத்திலிருந்த வேலையாள் சொன்னதைக் குறித்துக்கொண்டிருக்கிறார் என்பது என் துணிபு. இதற்குச் சான்று இல்லை. மறுப்பதற்கும் சான்று இல்லை.

ஆங்கிலப் பொதுப்பெயர்களின் கதை இவ்வளவு வேடிக்கையானதன்று. செம்பருந்துக்கு அவர்கள் வைத்த பெயர் பிராமினி கைட். கரும்பருந்துக்கு, தமிழ்நாட்டில் ஒடுக்கப்பட்ட சாதி ஒன்றின் பெயரை எடுத்து, ஒதுக்கப்பட்டது என்ற பொருளை அதன்மேல் ஏற்றி, பறவையின் தலையில் கட்டினார்கள். பழைய பறவை நூல்களில் பக்கத்துக்குப் பக்கம் அது இருக்கும். இப்போது அந்தப் பெயரைக் கைவிட்டுவிட்டார்கள்; பிராமினி மட்டும் இருக்கிறது. இரண்டு பறவையும் தின்பது ஒரே மீன் குடலைத்தான். குடலுக்குச் சாதி ஒட்டவில்லை, அதைத் தின்றவைக்கு ஒட்டியது.

செம்பருந்தின் பெருமை கடல் கடந்தும் உண்டு. ஜகார்த்தா மாநகரம் தன் சின்னப் பறவையாக வைத்திருப்பது இதைத்தான். காலில் சலாக் பழத்தைப் பற்றிக்கொண்டிருக்கும். அதுவும் ராயபுரத்தைப்போலத் துறைமுக ஊர். ஆனால் பருந்தின் காலில் பழத்தை வரைந்த ஓவியர் காசிமேட்டுப் பக்கம் வந்ததில்லை என்பது மட்டும் உறுதி.

எண்ணூர், பழவேற்காடு பக்கம் பனிக்காலத்தில் விராலடிப்பான் வரும். தன் மீனைத் தானே தண்ணீரில் பாய்ந்து பிடிக்கும் மானமுள்ள பறவை. காய்ந்த வாளையைத் திரும்பியும் பார்க்காது. ஆகவே இந்நூலுக்குப் புறம்பு.

ராயபுரத்துக்கும் மீனுக்கும் உள்ள உறவை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஊர்ப்பெயருக்கு மூலமான ராயப்பர் என்பவர் புனித பேதுரு. அவர் தொழில் மீன்பிடித்தல். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட நிலையம் எங்கள் ஊரில் இருக்கிறது, அதன் தூண்களைப் படம் எடுக்க வெளியூரிலிருந்து ஆள் வருகிறார்கள். தூண் அசைவதில்லை. என் பொருள் அப்படியன்று.

கருவியியல்

முதற்கருவி கைப்பேசி. அதில் எடுத்த படத்தில் பருந்து ஒரு புள்ளி. விரலால் விரித்துப் பெரிதாக்கினால் பெரிய புள்ளி. மனைவியிடம் காட்டினேன். “திரையைத் துடைங்க” என்றாள்.

இரண்டாம் கருவி மச்சானின் கேமராவும் 300 மில்லிமீட்டர் லென்ஸும். பறக்கும் பறவையை நிறுத்திப் பிடிக்க நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் கதவு திறக்க வேண்டும் என்கிறார்கள், திறந்தேன். தானாகக் குவியம் பார்க்கும் வசதி இருக்கிறது என்கிறார்கள், அது பார்த்தது. எங்கள் தெருவுக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகத் தொங்கும் கேபிள் டிவி வயர்களில் ஒவ்வொன்றையும் அது முறுக்குத் தெரியுமளவு துல்லியமாகப் பிடித்துக் கொடுத்தது. வயருக்குப் பின்னால் பழுப்பாக ஏதோ கலங்கித் தெரிவதே பருந்து.

அடுத்தது வெளிச்சம். வானம் பளிச்சென்று இருக்கும். பறவையின் அடிவயிறு நிழலில் இருக்கும். கேமரா வானத்தை நம்பி அளவெடுத்தால் பறவை கரிக்கட்டையாகும். பறவைக்காக வெளிச்சத்தை இரண்டு படி கூட்டினால் வானம் சுண்ணாம்பாகும். எங்கள் ஊரில் கடல் கிழக்கே இருப்பதால், பருந்து துறைமுகப் பக்கத்திலிருந்து வரும் காலை நேரம் முழுதும் சூரியன் அதன் முதுகில்தான் இருப்பான். இதிலிருந்து ஓர் அரிய கண்டுபிடிப்புக் கிடைத்தது: செம்பருந்து, படி இரண்டு குறைந்தால், கரும்பருந்தாகத் திரியும். தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் புணர்ச்சி விகாரம் மூன்றும் ஒளிப்படத்துக்கும் உண்டு. தோன்றல், லென்ஸில் இருந்த தூசி வானத்தில் தோன்றுவது. கெடுதல், பறவை சட்டத்துக்கு வெளியே போய்விடுவது. என் படங்களில் பெரும்பாலானவை கெடுதல்.

தூசி என்றதும் ஒரு கிளைவிவரம். 2011 வரை சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் ஏற்றி இறக்கினார்கள். அந்நாளில் இங்கே வெள்ளை வேட்டி காயப்போட்டவர் சாம்பல் வேட்டி எடுத்துப் போவார். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு அந்தச் சரக்கு எண்ணூர்த் துறைமுகத்துக்கு இடம் மாறியது. தூசி ஒழியவில்லை, முகவரி மாறியது. எங்கள் வேட்டி வெளுத்தது, எண்ணூர்க்காரர் வேட்டி எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்த்தால் தெரியும். அனல்மின் நிலையச் சாம்பலும் அவர்களுக்கே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகம் முழுதும் படர்ந்தபோது, இறக்கையெல்லாம் எண்ணெய் ஒட்டிய கூழைக்கடாக்களின் படங்கள் நாளிதழ்களில் வந்தன. தெளிவான படங்கள். பறவை பறக்காதபோது குவியம் பார்ப்பது எளிது. அந்த எளிமை எனக்கு வேண்டாம் என்று தோன்றியதாலோ என்னவோ, வயர் மட்டும் விழுந்த என் படங்களை நான் இன்னும் அழிக்கவில்லை.

முன்னோர் இருவரைப் போற்றாமல் இவ்வியலை முடிக்கலாகாது. ஒருவர் பிரான்சு நாட்டு மாரே. 1882இல் அவர் ஒரு துப்பாக்கி செய்தார். விசையை இழுத்தால் குண்டுக்குப் பதில் நொடிக்குப் பன்னிரண்டு படம் விழும். இத்தாலியில் நேப்பிள்ஸ் கடற்கரையில் நின்றுகொண்டு, பறக்கும் பறவைகளை அதனால் குறிபார்த்தார். குறி பார்க்கிறார், ஆனால் சுடுவதில்லை, பறவை விழுவதுமில்லை. ஆளுக்கு ஏதோ கோளாறு என்று அக்கம்பக்கத்தார் பேசிக்கொண்டார்களாம். இன்று சினிமா என்று நாம் கொண்டாடுவதற்கு அந்தத் துப்பாக்கியும் ஒரு பாட்டன். எங்கள் தெருவில் என்னைப்பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதைக் கேட்கும்போதெல்லாம் நான் மாரேயை நினைத்துக்கொள்வேன்.

மற்றவர் மா.கிருஷ்ணன். நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன், 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் காட்டுயிர்களைப்பற்றி விடாமல் எழுதியவர். பல கேமராக்களின் உறுப்புகளை ஒட்டவைத்துத் தானே ஒன்றைச் செய்துகொண்டு, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று நாமகரணம் சூட்டி, கறுப்பு வெள்ளையிலேயே காட்டானைகளைப் பிடித்தார். அந்தப் பெயரைக் கேட்டபிறகு கருவியைக் குறைசொல்லும் உரிமையை நான் இழந்தேன். ஆனை பெரியது என்று ஒரு சமாதானம் மட்டும் மிச்சம் இருந்தது.

இடையூறுகளில் முதன்மையானது காத்தாடி. கோடை விடுமுறையில் வடசென்னை வானத்தில் பருந்தைவிடக் காத்தாடி அதிகம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் கைட் என்று ஒரே சொல். வெள்ளைக்காரன் பறவையைப் பார்த்துக் காகிதத்துக்குப் பெயர் வைத்தான், நாம் காற்றைப் பார்த்து வைத்தோம். அதனால் தமிழில் எழுதும் எனக்குக் குழப்பமில்லை, கேமராவுக்கு உண்டு. பருந்து என்று நம்பி நான் தொடர்ந்து எடுத்த பதினெட்டுப் படங்களில் ஒரு சிவப்பு வாலுள்ள காத்தாடி, வேறொன்றை டீல் போட்டு அறுத்துவிட்டு வெற்றியோடு நின்றது. மாஞ்சாவுக்குத் தடை இருக்கிறது, நூலும் இருக்கிறது. கண்ணாடித் தூள் தடவிய நூல் மனிதக் கழுத்தையே அறுக்கும்போது பருந்தின் இறக்கை எம்மாத்திரம்.

வீழ்வியல்

இனி நூலின் உயிர்நிலைக்கு வருவோம். நூற்பாக்கள் ஒன்றோடொன்று தொடர்புறும் முறையை நன்னூல் நான்காகச் சொல்கிறது: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. ஆற்று நீர்போல இடையறாமல் செல்வது முதலாவது. சிங்கம்போல் முன்னும் பின்னும் நோக்குவது இரண்டாவது. தவளைபோல் இடைவெளி விட்டுத் தாவுவது மூன்றாவது. எங்கோ இருந்து இறங்கி, வேண்டியதை எடுத்துக்கொண்டு, வந்த சுவடில்லாமல் போவது நான்காவது.

பள்ளியில் இதை மனப்பாடம் செய்தபோது இலக்கணம் என்று நினைத்தேன். மாடியில் நின்ற பிறகுதான் இது நேர்முக வருணனை என்று தெரிந்தது. நான்கும் எங்கள் மாடியிலேயே கிடைக்கின்றன. ஆற்றொழுக்கு, பக்கத்து மாடி ஆயாவின் பேச்சு. அரிமா நோக்கம், தண்ணீர்த் தொட்டியடியில் படுத்திருக்கும் கடுவன் பூனை; ஒரு கண் கருவாட்டில், ஒரு கண் ஆயாவின் துடைப்பத்தில். தவளைப் பாய்த்து, கேமராவைத் தூக்கிக்கொண்டு டிரம்முக்கு டிரம் தாவும் அடியேன்.

நன்னூலார் பவணந்தி பதின்மூன்றாம் நூற்றாண்டுக்காரர், சீயகங்கன் கேட்க நூல் செய்தவர், சமண முனிவர். புலால் மறுத்த அவர் மாடியில் கருவாடு காய்ந்திருக்க நியாயமில்லை. பின் எங்கே பார்த்தார், யார் வீட்டு மீன் அது என்று கேட்பின், அதுவே ஆராய்ச்சி மாணவர் எவரேனும் எடுத்துக்கொள்ளத் தக்க தலைப்பு.

அவர் பார்த்ததில் ஐயமில்லை. ஏனெனில் வருணனையில் ஒரு சொல்லும் மிகையில்லை. பருந்து அலகால் கொத்துவதில்லை. இறக்கையை மடக்கிச் சரிந்து, வாலைச் சுக்கான்போல் இப்படியும் அப்படியும் திருகித் திசை பிடித்து, தரைக்கு ஒரு முழம் மேலே காலை நீட்டி, பொருளைக் கவ்வி, நிற்காமல் எழும். கீழே உட்கார்ந்து தின்பதுகூட இல்லை. மேலே போன பிறகு காலை முன்னே கொண்டுவந்து பறந்தபடியே கொத்தித் தின்னும். முழு வீழ்வுக்கும் ஆகும் நேரம், “அதோ” என்று நான் சொல்லி முடிப்பதற்குள். மூன்று வாரம் வானத்தையே பார்த்தேன். கழுத்துப் பிடித்துக்கொண்டது. வீழ்வு ஒன்றுகூடச் சிக்கவில்லை. வீழ்வு முடிந்த பிறகு துறைமுகத்தை நோக்கிப் போகும் வாலின் படம் மட்டும் பல இருந்தன.

ஆயா இத்தனை நாளும் சுவரோரம் உட்கார்ந்து, நுனியில் கறுப்பு பாலிதீன் பை கட்டிய மூங்கில் கழியை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் ஆறு கரையை உடைத்தது.

“இன்னா தம்பி, அத்த போயி இத்தினி நாளா போட்டோ புடிக்கிற? துட்டு எதுனா தர்றாங்களா?”

“இல்ல ஆயா. சும்மாதான்.”

“சும்மாவா? மூணு வாரமா மேலயே பாத்துக்கினு கீற. அது மேல கீறப்ப உனக்கு இன்னா, எனக்கு இன்னா? கீழ பாரு.”

“கீழ என்ன ஆயா இருக்கு?”

“நெழலு.”

ஆயா வானத்தைப் பார்ப்பதேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் கண் எப்போதும் பாய் விரித்த தளத்தில்தான். வானத்தில் பத்துப் பருந்து சுற்றும். எது வரும், எது வேடிக்கை பார்க்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. தரையில் ஒரு நிழல் வந்து பாயைச் சுற்றி அலைந்தால் அது வருகிற பருந்து. அலையும்போது நிழல் வெளுத்துக் கிடக்கும். கறுத்தால் கழியைத் தூக்க வேண்டும். “கறுத்தா வந்துட்ச்சின்னு அர்த்தம்” என்றார்.

இது என் சொல்லியதோ எனின், ஒளியியல் சொல்லியது. சூரியன் ஒரு புள்ளியன்று. வானத்தில் ஏறக்குறைய அரைப் பாகை அகலமுள்ள தட்டு. ஆகவே எந்தப் பொருளும் தன் அகலத்தைப்போல் சுமார் 110 மடங்கு தூரத்துக்குள் இருந்தால்தான் அதன் முழு நிழல் தரையில் விழும். அதற்கு அப்பால் போனால் நிழல் நீர்த்து, ஓரம் கலங்கி, இருக்கிறதா இல்லையா என்று ஆகிவிடும். பருந்தின் இறக்கை, முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை, ஒரு சாணுக்குச் சற்று அதிகம். கணக்குப் போட்டால், 25, 30 மீட்டர் தூரத்துக்குள் வந்தால்தான் அதன் நிழலில் கறுப்பு ஏறும். அங்கிருந்து பாய்வதற்கு இரண்டு மூன்று நொடி. கழியைத் தூக்க அது போதும். ஆயா கணக்குப் போட்டதில்லை. கருவாட்டை விட்டுக்கொடுத்ததும் இல்லை.

பாட்டும் யாழும் ஒன்றி நடப்பதற்குப் பருந்தையும் அதன் நிழலையும் உவமை சொல்வது பழம்புலவர் வழக்கு. இரண்டும் பிரியாமல் கூடவே போகும் என்று பொருள் கொண்டு வந்திருக்கிறோம். ஆயாவின் உரை இதனினும் நுட்பமானது. மேலே இருக்கும்போது பருந்து ஓரிடம், நிழல் ஓரிடம். காலை வெயிலில் பருந்து எங்கள் முருங்கைக்கு மேலே நின்றால் நிழல் மூன்றாவது வீட்டுச் சுவரில் ஓடும். இறங்க இறங்க இரண்டும் நெருங்கும். அவை தொட்டுக்கொள்ளும் இடம் ஒன்றே ஒன்றுதான்: பருந்து கால் வைக்கிற இடம். கச்சேரியில் பாட்டும் வயலினும் கடைசியில் வந்து சேருமே, அந்த இடம். அங்கே குவியத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தால் வானம் முழுதும் தேட வேண்டியதில்லை, வயர் குறுக்கே வராது, வெளிச்சம் முதுகில் விழும். மேலிருந்து விழும் பறவையின் முதுகைப் படம் எடுக்கலாம் என்பது எந்தக் கையேட்டிலும் நான் படிக்காத செய்தி. கையேடு எழுதுகிறவர்கள் கருவாடு காவல் காப்பதில்லை.

ஒழிபியல்

மேலே எந்த இயலிலும் அடங்காதவை இங்கே.

தடைக்காலம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. காசிமேட்டில் படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கட்டிக்கிடக்கும், கழிவு குறையும், பசித்த பருந்து மாடிகளைத் தேடி வரும் என்பது என் கோட்பாடு. அந்த நாட்களில் வருகை கூடத்தான் செய்தது. ஆனால் ஃபைபர் படகுக்குத் தடையில்லை. அதில் வரும் மீனைக் காயப்போட வெயில் உச்சத்தில் இருப்பதும் அதே நாட்களில்தான். பருந்து பசியால் வந்ததா, வாசனையால் வந்ததா என்று பிரிக்க இயலவில்லை. ஆயாவைக் கேட்டேன். “அது இன்னா உன்ன மாதிரி காரணம் தேடிக்கினா வருது?” என்றார்.

காக்கை: பருந்து வருவதைக் காக்கைக் கூட்டம் முன்கூட்டியே கரைந்து அறிவிக்கும் என்பர். உண்மை. ஆனால் காக்கை பூனைக்கும் கரையும், எனக்கும் கரையும்.

லென்ஸ்: உப்புக் காற்றில் மூன்று மாதம் நின்றதால் உள்ளே பூஞ்சை பிடித்திருக்கிறது. மச்சானுக்கு இன்னும் சொல்லவில்லை. இக்கட்டுரை அவர் கண்ணில் படாது என்று நம்புகிறேன்.

கடைசியாக, பரிசோதனை. ஜூன் முதல் வாரம், காலை ஒன்பது மணி தாண்டியிருக்கும். கீழே குடிதண்ணீர் லாரி வந்துவிட்டது. ஆயா இரண்டு பிளாஸ்டிக் குடத்தோடு எழுந்தார். “தம்பி, செத்த பாத்துக்க. தோ வந்துட்றேன்” என்று கழியை என் பக்கம் சாய்த்து வைத்துவிட்டு இறங்கினார். பாயில் வாளை வரிசையாகக் கிடந்தது, வெயிலில் வெள்ளித் தகடுபோல. நான் கேமராவைப் பாயின் மேல் குவித்துக்கொண்டு சுவரில் முழங்கையை ஊன்றினேன்.

பக்கத்துச் சுவரில் ஒரு வெளுத்த நிழல் ஓடியது. தளத்துக்கு வந்தது. பாயை ஒரு சுற்றுச் சுற்றியது. மேலே பார்க்க வேண்டும் என்று கழுத்து தவித்தது, பார்க்கவில்லை. நிழல் மூன்றாவது வரிசை வாளையின் மேல் வந்து நின்றாற்போல் இருந்தது. கறுத்தது. விசையை அழுத்தினேன்.

ஆயா தண்ணீரோடு வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, பாயை ஒருமுறை பார்த்தார். எண்ணவில்லை; பார்த்தார், அவ்வளவுதான்.

“ஒண்ணு கொறயுது.”

படத்தைக் காட்டினேன். அதில் எல்லாம் இருந்தது: பாய், வாளை வரிசை, மூன்றாவது வாளையின் மேல் நீட்டிய மஞ்சள் கால்கள், செங்கல் நிற முதுகு, வெள்ளைத் தலை, கீழே மையைத் தடவியதுபோல் கன்னங்கரேலென்று, விரல் விரித்த இறக்கையோடு நிழல். ஓரத்தில் சாய்த்து வைத்த கழியும் விழுந்திருந்தது.

ஆயா கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார். செம்பருந்து என்று தெரிந்ததும் இடக்கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு விரலை நிழலின் மேல் வைத்தார்.

“இம்மாம் கறுத்துக்கீது. கழிய எட்த்து தூக்கலியா நீ?”